டாக்டர் ஷரஃபுதீனின் பசி நோட்டு

தலைமை வகிக்கும் ஜட்ஜ் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, நொச்சிக்குப்பத்திலிருந்து நடந்தே வந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம். நம் டாக்டர் ஷரஃபுதீன் சாகிப் மறைந்து இன்றோடு நான்கு நாள். கச்சேரி ரோட்டு டிஸ்பென்சரியில் பதினோரு வருஷம் அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து வைத்தியம் பார்த்தவன் இந்தச் சங்கரன். புகழ்ந்து பேசத்தான் வந்தேன். ஆனால் ஒரே குழப்பமாக இருக்கிறது. எங்கே தொடங்குவது?

கெங்கம்மாவிடம் தொடங்குகிறேன். எங்கள் வாசலுக்கு எதிரில் மீன் விற்பவள். அதோ, பின்வரிசையில் இருக்கிறாள். இருநூற்றிருபது ராத்தல் எடை, முழங்கால் தாங்கவில்லை. அவள் கூடை தூக்காவிட்டால் வீட்டில் உலை ஏறாது. முதலில் என்னிடம்தான் வந்தாள். “வாயைக் கட்டு” என்றேன், உடம்பு இளைக்கத் தைராய்டு மாத்திரை கொடுத்தேன். இளைத்தாள். ஒரு நாள் நெஞ்சு படபடத்துக் கடையிலேயே மயங்கி விழுந்தாள். பிறகு எடை மறுபடி ஏறியபோது நான் என்ன சொன்னேன்? “திருட்டுத்தனமாகத் தின்கிறாய்” என்றேன். சொன்னேன் ஐயா, சொன்னேன்!

சாகிப் அவளைத் தம் பக்கம் அழைத்துக்கொண்டார். மாத்திரையை நிறுத்தினார். “சங்கரன், இவங்க பொய் சொல்லல. வயிறும் தலையும் ஏதோ பேசிக்குது, நமக்குத்தான் காது கேக்கல” என்றார். “பாதி சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் சும்மா உட்காருங்கம்மா, போதும்னு வயிறு சொல்றது தலைக்குப் போய்ச் சேர நேரமாகும்” என்று அவளிடம் சொன்னார். மீன்காரியை ‘நீங்க’ என்று அழைத்த டாக்டரை மயிலாப்பூர் அதற்குமுன் கண்டதுண்டா?

பசி பிறப்பது வயிற்றிலா, தலையிலா? அதுவே அவர் கேள்வி. பக்கத்துப் பள்ளியில் பன்னிரண்டுக்குச் சாப்பாட்டு மணி அடித்த கையோடு கெங்கம்மா வாசலில் வந்து நிற்பாள். “பசி வந்துட்ச்சி நைனா, எய்திக்கோ!” அவர் மணி பார்த்து நோட்டில் எழுதுவார். அந்தச் சமயத்தில்தான் யுத்தத்துக்காகச் சர்க்கார் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. நாமெல்லாம் முணுமுணுத்தோம். அவரோ துள்ளிக் குதித்தார்! பள்ளி மணியோடு பசியும் முந்தி வந்தால் அது தலையின் வேலை; பழைய பன்னிரண்டுக்கே, அதாவது புது மணி ஒன்றுக்கு வந்தால் வயிற்றின் வேலை. எத்தனை எளிய சோதனை!

நேற்று அந்த நோட்டைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் ‘மணி பன்னிரண்டு’ என்றிருக்கிறது. புதுப் பன்னிரண்டா, பழைய பன்னிரண்டா? சுவர்க் கடிகாரம் புது நேரம். தொழுகைக்குத் தோதாக அவர் சட்டைப்பையில் வைத்திருந்த கடிகாரம் பழைய நேரம். எது கண்ணில் பட்டதோ அதைப் பார்த்து எழுதிவிட்டார் மனிதர்! கெங்கம்மாவைக் கேட்டால், “பசி வந்துச்சி, வந்தேன்” என்கிறாள். எடையும் எட்டு ராத்தல் இறங்கி, மூன்று ராத்தல் ஏறியிருக்கிறது. அவர் சொன்னது சரியா, நான் சொன்னது சரியா? யாரைக் கேட்பேன்?

நாளை முதல் அவள் என்னிடம்தான் வந்தாக வேண்டும். என்ன கெங்கம்மா? எழுந்து நின்று கேட்கிறாள். முன்வரிசைக்குக் கேட்டிராது, நானே சொல்கிறேன். “அந்த மாத்திரையத்தான் திரும்பக் குடுக்கப் போறியா டாக்டரே? அத்த நெனச்சாலே நெஞ்சு அடிச்சிக்கினு கீது. இன்னா செய்யப் போறே, இங்கியே சொல்லிடு” என்கிறாள்.

தெரியவில்லை, கெங்கம்மா. இருபது வருஷ வைத்தியத்தில் முதல்முறையாகச் சபையறியச் சொல்கிறேன், எனக்குத் தெரியவில்லை. அந்த மாத்திரையைத் தரமாட்டேன், அது உறுதி. சாகிப் கேட்டதைக் கேட்பேன், எழுதுவேன். இப்போதே கேட்கிறேன். உங்களுக்குப் பசிக்கிறதா?

“இல்ல டாக்டரே. அவரு பூட்டாருன்னு கேட்டதுலேர்ந்து பசியே எடுக்கல. நாலு நாளா வெறும் தண்ணிதான்” என்கிறார்.

அன்பர்களே, நான்கு நாள் காலியாகக் கிடக்கும் வயிற்றைப் பேசாதிருக்கச் சொன்னது எது? சாகிப் இருந்தால் உடனே நோட்டைத் திறந்திருப்பார். இனி அந்த நோட்டு என் பொறுப்பு. இன்று வீடு திரும்புமுன் இதை எழுதிவிடுகிறேன். இப்போதைக்கு யாராவது அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் கஞ்சி கொண்டுவாருங்கள்.