ஆறு இருபதுக்கு அணைத்த விளக்கு

ஓடுகிறேன். மேலே. நூற்று நாற்பத்திரண்டு படிகள். கடலில் பீரங்கி. வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே நொடிகளை எண்ணுகிறேன். ஒன்பது. அடுத்தது ஏழு. நெருங்குகிறார்கள்.

1971 டிசம்பர். பாகிஸ்தானோடு போர். மேற்குக் கடற்கரைக்கு அப்பால் ஒரு பாறைத் தீவு. வெள்ளைக்காரன் கட்டிய கலங்கரை விளக்கம். நான் அதன் காப்பாளன். வயர்லெஸ்ஸில் உத்தரவு வந்துவிட்டது. விளக்கை அணை. மறு உத்தரவு வரை ஏற்றாதே. வயர்லெஸ்ஸையும் தொடாதே.

மாலை ஆறு இருபது. அணைத்தேன். பதிவேட்டில் நேரம் குறித்தேன். குண்டு விழும்போதும் கோடு தாண்டாமல் எழுதினேன்.

ராசு கரைக்குப் போயிருந்தான். இன்னொரு காப்பாளன். அவன் மார்க்கையன்கோட்டை, நான் பக்கத்துச் சின்னமனூர். காலையில் படகேறும்போது கத்தினான்:

"ஏலே, நீ ரூல் புக்கைத் தின்னுக்கிட்டு இரு. நான் அரிசி வாங்கியாறேன்!"

ஆறு நாற்பது. இருட்டிவிட்டது. பீரங்கி விலகிப் போகிறது. இப்போது வேறு சத்தம். படகு மோட்டார். பிறகு குரல்.

"ஏலே! வெளக்கக் காட்டுலே! பாறை தெரியல!"

பெரிய விளக்கை மறுபடி ஏற்ற இருபது நிமிடம் வேண்டும். மண்ணெண்ணெய் சூடாகி ஆவியாக வேண்டும். விசாரணையில் இதைத்தான் சொன்னேன். தலையாட்டினார்கள். சொல்லாதது ஒன்று. அலமாரியில் கைவிளக்கு இருந்தது. சாவி என் சட்டைப் பையில். அதைக் காட்ட மேலதிகாரியின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்க வயர்லெஸ்ஸைத் தொட வேண்டும். பயம் என்றால் கேவலம். விதி என்றால் மரியாதை.

மூன்று முறை கூப்பிட்டான். மூன்றாம் முறை என் பெயரைச் சொல்லி. ஆறு நாற்பத்தேழு. பலகை முறியும் சத்தம்.

ராசு வீட்டுக்குப் போன ஆபீஸ் கடிதத்தில் பாறை இல்லை; குண்டு என்று எழுதினார்கள். விடுப்பில் ஊருக்கு வந்தபோது ராசுவின் தங்கை கேட்டாள்.

"குண்டு பட்டுச்சுன்னு சொன்னாகண்ணே. கடைசியா எதுவும் கத்துனானா?"

"இல்லத்தா. எதுவும் கேக்கல."

போன வாரம் சின்னமனூர்ச் சந்தையில் அவளைப் பார்த்தேன். தலை முழுக்க நரை. வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டே மறுபடி கேட்டாள். "நெசமாவே கேக்கலியாண்ணே?"

விளக்கு இன்றும் எரிகிறது. மின்சாரத்தில். கப்பல்கள் அதைப் பார்த்துத்தான் திரும்புகின்றன. சுற்றுலா வந்தவர்கள் படியேறிப் படம் எடுக்கிறார்கள். அன்றைய பதிவேட்டில் என் கையெழுத்து: நிலையத்துக்குச் சேதம் இல்லை.

திருத்தம். படகு ஒன்று. அரிசி இரண்டு மூட்டை. படகோட்டி ஒருவர்; அவர் பெயரை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ராசு, வயது இருபத்தாறு. கோபுரத்தில் ஒரு கல் பெயரவில்லை. என் உடம்பில் ஒரு கீறல் இல்லை.

கேட்டது, ஆத்தா. மூன்று முறையும் கேட்டது.