வற்றிய ஆற்றுக்கு ஒரு பூட்டு

மேடையில் இடம் உள்ளவரை நாற்காலி போட்டு வீற்றிருக்கும் பெருந்தகையீர், தூண்டில் சங்கத்தின் தூணாய், துணையாய், துவளாத தோளாய் விளங்கும் தலைவர் மருந்துக்கடை அண்ணன் அவர்களே, அண்ணன் கையை விரித்துக் காட்டும் மீனின் நீளத்துக்கெல்லாம் கண்ணை மூடிச் சாட்சி சொல்லும் செயலாளர் பல் டாக்டர் அவர்களே, ஆற்றங்கரையில் ஆயிரம் விடியல் கண்ட மூத்தோர்களே, அந்த ஆயிரம் விடியலிலும் முன்னதாக எழுந்து டீ போட்டுக் கொடுத்த தாய்மார்களே, கதவோரம் உட்கார்ந்து கூட்டம் எப்போது முடியும் என்று காத்திருக்கும் என் வீட்டுக்காரர் அவர்களே, உங்கள் அனைவருக்கும் தையற்கடைக்காரியின் தாழ்மையான வணக்கம்.

என்னை நன்றியுரைக்கு அழைத்திருக்கிறார்கள். சொல்லிவிடுகிறேன். ஆனால் எதற்காக நன்றி என்று தெரிந்துகொண்டு சொல்ல வேண்டாமா? செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நன்றாகப் பாருங்கள் டாக்டர், அது நின்றுபோனால் பழுது பார்க்கிறவர் கதவோரம்தான் இருக்கிறார்.

இன்றைய தீர்மானம் என்ன? ஆண்டுக்கு இரண்டு மாதம் ஆற்றில் யாரும் தூண்டில் போடுவதில்லை. மீன் பெருக வேண்டும், ஆறு செழிக்க வேண்டும், நம் பேரப்பிள்ளைகளும் மீனைப் படத்தில் பார்க்காமல் பாத்திரத்தில் பார்க்க வேண்டும். அண்ணன் பேசப் பேச எனக்கே கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்மானத்தை வாங்கிப் படித்தேன். எந்த இரண்டு மாதமாம்? கொளுத்தும் கோடையின் நட்டநடுவில் இரண்டு மாதமாம்!

போன கோடையில் அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைத்துக் கொடுத்தேன். மூட்டையைத் தலையில் வைத்து, ஆற்றுக்குள் இறங்கி, செருப்பு நனையாமல் போய்ச் செருப்பு நனையாமல் திரும்பினேன். அந்த ஆற்றில் மீன் பிடிக்க மாட்டோம் என்று முப்பத்திரண்டு ஆண்பிள்ளைகள் ஒருமனதாக முடிவெடுத்திருக்கிறார்கள். அடடா, என்ன தியாகம், என்ன தீரம்! தூங்கும் நேரத்தில் சாப்பிடுவதில்லை என்று நானும் ஒரு விரதம் எடுக்கட்டுமா?

முன்வரிசையில் யாரோ சொல்கிறார்கள், "கோடையிலதான் முட்டை போடும்னு புத்தகத்துலயே இருக்குங்க." இருக்கட்டும் தம்பி. எந்த ஊர் ஆற்றைப் பார்த்து எழுதிய புத்தகம் அது? நம் மீன் அதைப் படித்ததா?

மீன் எப்போது சினைப்படும் என்று மூன்று கூட்டம் போட்டீர்கள். வானத்தைக் கேட்டீர்கள், காற்றைக் கேட்டீர்கள். பிடித்தவனைக் கேட்டீர்கள், தின்றவனைக் கேட்டீர்கள். வயிற்றைக் கிழித்துக் கழுவியவளைக் கேட்டீர்களா? இந்த ஊரில் எந்த மாதம் எந்த மீனின் வயிற்றில் என்ன இருக்கும் என்று தெரிந்தவர்கள் அதோ, வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியைக்கூட நீங்கள் கேட்கவில்லை.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். முதல் மழை பெய்து, செந்தண்ணீர் இறங்கி, புதுவெள்ளம் வந்த எட்டாம் நாளிலிருந்து இரண்டு மாதம் ஒவ்வொரு மீனின் வயிறும் சினையால் பிதுங்கி நிற்கும். தலையாட்டுகிறார்கள் பாருங்கள், அத்தனை தாய்மார்களும். சரி, அந்த இரண்டு மாதத்தில் நீங்கள் என்ன நடத்துகிறீர்கள்? பெரிய மீன் கோப்பைப் போட்டி நடத்துகிறீர்கள். எடை அதிகமான மீனுக்குக் கோப்பை. எடை எங்கிருந்து வந்தது அண்ணே? வயிற்றிலிருந்து வந்தது. ஐந்து கிலோ மீன் என்றால் அதில் ஒரு கிலோ, பிறக்க இருந்த குஞ்சுகள்.

என் வீட்டுக்காரர் நான்கு வருடமாக அந்தப் போட்டியில் இரண்டாம் இடம். சிரிக்காதீர்கள், நான் மட்டும்தான் சிரிக்கலாம். வருடத்தில் பத்து மாதம் கோப்பையைப் பற்றிப் பேசுவார், மீதி இரண்டு மாதம் அது கைநழுவிய கதையைப் பேசுவார். போன மழைக்காலத்தில் தையல் எந்திரத்து ஊசி என் விரலில் ஏறிவிட்டது. கட்டுப் போட்ட கையோடு சொன்னேன், "இன்னிக்கு மீனை நீங்களே கழுவுங்க."

கடிகாரத்தின் பொடிச் சக்கரத்தையெல்லாம் சாமண இடுக்கியால் எடுக்கிற கை அது. மீனைக் கிழித்ததும் சினை வழிந்தது, கை அப்படியே நின்றுவிட்டது. குழாயில் தண்ணீர் ஓடுகிறது, மனுஷர் அசையவில்லை. குழாயை மூடிவிட்டுக் கேட்டார்.

"எப்பவும் இப்படித்தான் இருக்குமா?"

"மழைக்காலத்துல எப்பவும் இப்படித்தான். இருபத்திரண்டு வருஷமா நான்தானே கழுவுறேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க எப்ப கேட்டீங்க?"

அன்று அவர் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டுப் பூனைக்கு மட்டும் அன்று நல்ல நேரம்.

ஆகவே அவையோரே, வற்றிய ஆற்றைப் பூட்டாதீர்கள், வாழ்கிற ஆற்றைப் பூட்டுங்கள். தூண்டில் தூங்கட்டும், தாய்மீன் தங்கட்டும், தண்ணீர் தழைக்கட்டும். இந்த வருடம் போட்டி கிடையாது என்று எழுதுங்கள். இல்லையா? பெண்கள் நாங்கள் ஏற்கெனவே பேசி வைத்துவிட்டோம். அந்த அறுபது நாளும் எங்கள் வீட்டுக் கத்தி மீன் தொடாது. பிடித்தவரே கிழிக்கட்டும், கிழித்தவரே பார்க்கட்டும்.

அண்ணன் கேட்கிறார், "உன் வீட்டுக்காரர் ஆசைய நீயே கெடுக்கலாமாம்மா?" உண்மைதான் அண்ணே. புதுத் தூண்டில் வாங்கித் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார். இந்த முறை ஜெயித்துவிடுவார் என்று நானும் நம்பினேன். இதைச் சொல்ல எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

மாதத்தை மாற்றி ஓட்டுக்கு விடுங்கள். கை தூக்குங்கள் ஐயா. தாய்மார்களே, உங்களுக்கு ஓட்டு இல்லையாம், கையை இறக்குங்கள். ஆண்கள் தூக்குங்கள். யாரும் இல்லையா? எல்லோரும் செருப்பையே பார்த்தால் எப்படி?

கதவோரம் ஒரு கை தெரிகிறது. என் வீட்டுக்காரர். எழுந்தே நின்றுவிட்டார். என்னங்க, உரக்கச் சொல்லுங்க. "இந்த வருஷம் கோப்பை வேணாம்" என்கிறார். கேட்டதா எல்லோருக்கும்? வேண்டாமாம்.

இதோ டாக்டர் கை. இதோ மூத்தோர் கைகள். அண்ணே, மீனை அளந்து காட்டும் அந்தக் கையை இன்று மேலே தூக்குங்கள். செயலாளர் எண்ணிக்கொள்ளட்டும்.

நன்றி சொல்ல வந்தவள் நான். பட்டியலில் பதினான்கு பேர் இருக்கிறார்கள், அவர்கள் மன்னிக்க வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் நாலு பேர் முன்னால் இந்த மனுஷருக்கு நான் நன்றி சொன்னதில்லை. இன்று சொல்கிறேன். ரொம்ப நன்றிங்க. எல்லோருக்கும் வணக்கம்.