தண்ணீர் இறைக்கும் வேலை

தேநீரைக் கண்ணாடிக் கோப்பையில் கொடுத்தீர்கள், நன்றி. வரும் வழியில் உங்கள் நடைக்கூடத்துக் குப்பைக்கூடையைப் பார்த்தேன். பிளாஸ்டிக் தம்ளர்களாக வழிந்துகொண்டிருந்தது. அது உங்கள் தப்பு இல்லை. என் வேலையைப் பற்றித்தானே கேட்டீர்கள், சொல்கிறேன்.

பெரிய சந்தைத் தெருவின் அடியில் ஒரு மழைநீர் வடிகால் ஓடுகிறது. அது எங்கள் இறைப்பு நிலையத்தில் வந்து முடியும். அங்கிருந்து மூன்று மோட்டார்கள் தண்ணீரை ஆற்றுக்குத் தள்ளும். இருபத்திரண்டு வருடமாக அந்த மோட்டார்களை இயக்குபவன் நான். தண்ணீர் மோட்டாருக்குப் போகும் முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரு கம்பித் தடுப்பு உண்டு. அதில் சிக்குவதை நீண்ட கோலால் வாரி எடுக்க ஒரு ஆள் இருப்பார். கோலின் நுனியில் கொக்கி இருக்கும் என்பதால் எங்கள் ஆளுக்கே கொக்கி என்று பெயர் வந்துவிட்டது. அவன் கல்யாணப் பத்திரிகையில்கூட அடைப்புக்குறிக்குள் அந்தப் பெயரைப் போட்டிருந்தான்.

கம்பியில் என்ன சிக்கும் தெரியுமா? பை. கடையில் வாங்கி, வீடு போகும்வரை கையில் வைத்திருந்து, போனதும் வீசுகிறோமே, அந்த மெல்லிய பை. மழை பிடித்தால் மூட்டை மூட்டையாக வரும். "ஊரே நமக்குத்தான் பார்சல் அனுப்புது அண்ணே" என்பான் கொக்கி.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மதியம் கொட்டிய மழையில், தடுப்புக்கு மேலே உள்ள நடைபாலத்தில் நின்று வாரிக்கொண்டிருந்தவன் வழுக்கி விழுந்தான். தண்ணீர் அவனைத் தடுப்போடு வைத்து அழுத்தியது. நான் மோட்டார்களை நிறுத்தி, அவனை மேலே கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவன் முகத்தில் ஒட்டியிருந்த பைகளை நான்தான் எடுத்தேன். மொத்தம் ஏழு. ஒன்றில் 'நன்றி, மீண்டும் வருக' என்று அச்சடித்திருந்தது.

அன்றிலிருந்து வாரிய பைகளை நான் குப்பை வண்டியில் ஏற்ற விடவில்லை. காயவைத்து, சாக்கில் கட்டி, பின்பக்கக் கொட்டகையில் அடுக்கினேன். அதிகாரிகள் வந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன். ஒருவரும் வரவில்லை.

அடுத்த வருடம் மெல்லிய பைகளுக்குத் தடை வந்தது. சந்தைத் தெருவில் பை முதலாளி என்று ஒருவர், தரைக்குக் கீழே ஒரு கிடங்கு வைத்துக்கொண்டு விற்பனையைத் தொடர்ந்தார். ஏழு மனு எழுதினேன். ஆய்வாளர் போவார், ஷட்டர் பூட்டியிருக்கிறது என்று எழுதிவிட்டுத் திரும்புவார். அது வெளிப்பக்கப் பூட்டு. உள்ளே பெண்கள் உட்கார்ந்து பைகளைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதில் ஒருத்தி கொக்கியின் மனைவி.

அவள் வீட்டுக்கே போய்க் கேட்டேன். "உனக்கு வேற வேலையே கிடைக்கலையாம்மா?"

"யாரு குடுக்கிறாங்க அண்ணே? எட்டு மாசம் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சேன். இங்கதான் கேட்ட அன்னைக்கே உக்காரச் சொன்னாங்க."

"அவனைக் கொன்ன பை அது."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. "பை எங்கண்ணே கொன்னுச்சு? நடைபாலத்துல கைப்பிடி இல்ல. அதைப் போடச் சொல்லி அவர் உங்ககிட்டதானே எழுதிக் குடுத்தாரு?"

அவன் எழுதிக் கொடுத்த காகிதம் என் மேசை இழுப்பறையில் இருந்தது உண்மைதான். மேலே அனுப்பவேண்டும் என்றுதான் இருந்தேன். இந்த விஷயத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கேட்டீர்களே என்று சொல்கிறேன்.

இந்த வருட மழையில் ஒரு விசித்திரம். கம்பியில் பைகளே இல்லை. இலை, தழை, எப்போதாவது ஒரு செருப்பு. கொக்கிக்குப் பிறகு வந்த மீசைக்காரர், ஓய்வுபெற இரண்டு வருடம் இருப்பவர், "தடை வேலை செய்யுது சார். இனிமே கோலைத் தொங்கவிட்டுட்டுத் தூங்கலாம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தடுப்பு சுத்தமாக இருந்தால் ஊர் நிம்மதியாகிவிடும். நிம்மதியான ஊர் எல்லாவற்றையும் மறந்துவிடும். கிடங்கு மட்டும் அங்கேயே இருக்கும். கொக்கியும் ஒரு கைப்பிடி இல்லாததால் செத்தவனாகவே இருப்பான்.

அன்று மதியம் இரண்டு மணிக்கு வானம் இருட்டியது. மீசைக்காரரை மோட்டார் பெல்ட் வாங்க ஊரின் மறுகோடிக்கு அனுப்பினேன். மழை வலுத்ததும் கொட்டகையைத் திறந்து, சாக்குகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்த் தடுப்புக்கு முன்னால் அவிழ்த்துக் கொட்டினேன். முப்பத்தெட்டு சாக்கு. முதுகு விட்டுப்போயிற்று. மீதியைத் தண்ணீரே பார்த்துக்கொண்டது, பைகளைக் கம்பியில் சுவர் மாதிரி அப்பிவிட்டது. கால் மணி நேரத்தில் தடுப்புக்கு அந்தப்பக்கம் மோட்டார்கள் உறிஞ்சும் கிணறு வற்றி மோட்டார்கள் வெறுமையாகச் சுற்றின. நிறுத்தினேன். பதிவேட்டில் 'பிளாஸ்டிக் அடைப்பு, மோட்டார் நிறுத்தம்' என்று எழுதி நேரத்தையும் குறித்தேன்.

எவை மிதந்தனவோ அவை இந்த ஊர் வீசிய பைகள். என் வீட்டில் ஒரு பை கிடையாது. நான் எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை.

சந்தைத் தெருவில் முழங்கால் அளவு நிற்கட்டும், சரக்கு நாறட்டும், ஊர் பார்க்கட்டும் என்பதுதான் என் எண்ணம். தெருவில் முழங்கால் என்றால் தரைக்குக் கீழே இருக்கும் அறையில் எவ்வளவு என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். தண்ணீர்தானே என் தொழில்.

மூன்றே முக்காலுக்கு நிலையத்துத் தொலைபேசி அடித்தது. அந்த எண்ணுக்குத்தான் அவள் முன்பு புருஷனைக் கூப்பிட்டு, வரும்போது என்ன வாங்கி வரவேண்டும் என்று சொல்வாள்.

"அண்ணே, நான்தான். தண்ணி உள்ள வருது. வெளிய பூட்டியிருக்கு. முதலாளி போன எடுக்கல."

"எவ்வளவு ஏறியிருக்கு?" என்றேன். பழக்கம்.

"இடுப்புக்கு வந்திருச்சு. மூணு பேர் இருக்கோம். மோட்டார் ஓடலையா?"

வாரும் கோல் எனக்கு எட்டும் தூரத்தில் சுவரில் சாய்ந்திருந்தது. ஒரு ஆள் மூச்சைப் பிடித்து வாரினால் இருபது நிமிடத்தில் ஒரு மோட்டாரையாவது ஓட்டிவிடலாம். உங்கள் பொறியாளர் நாற்பது என்று எழுதியிருக்கிறார். திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஐந்து மணிக்குத் திரும்பிய மீசைக்காரர் தடுப்பில் கிடந்த ஒரு பையை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். "இது இன்னைக்கு வந்த பை இல்ல சார். மடிப்பு மடிப்பா தூசி படிஞ்சிருக்கு" என்றார். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறார். நல்ல மனிதர்.

இப்போது நிலைமையைப் பாருங்கள். பை முதலாளி உள்ளே இருக்கிறார். அவருக்குச் சரக்கு அனுப்பிய தொழிற்சாலைக்குப் பூட்டு. சந்தையில் எல்லார் கையிலும் துணிப்பை. பள்ளிக்கூடங்களில் அந்த மூன்று பெண்களின் படத்தை வைத்து உறுதிமொழி எடுக்கிறார்களாம். என் ஏழு மனு செய்யாததை ஒரு மாலைநேரம் செய்தது. வருந்துகிறாயா என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். இல்லை. மறுபடி என்னை அங்கே நிறுத்தினால் மறுபடியும் கொட்டகையைத் திறப்பேன். என்னைத் தூக்கில் போட்டாலும் அந்த வடிகால் சுத்தமாகத்தான் ஓடும்.

கடைசியாக, தொலைபேசியில் அவளிடம் என்ன சொன்னேன் என்று கேட்டீர்கள். ஒளிக்க என்ன இருக்கிறது? இணைப்பு கொஞ்ச நேரம் இரைந்தது. பின்னால் யாரோ ஷட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது. "அண்ணே, நீங்க இருக்கீங்கல்ல, எனக்கு அது போதும். மோட்டாரைப் போட்டுடுவீங்கதானே?" என்று கேட்டாள்.

"போட்டுட்டேம்மா. இப்ப வடிஞ்சிடும், அங்கேயே இருங்க" என்றேன்.

இந்த மூன்று வருடத்தில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அதையும் அவள் பயப்படக்கூடாதே என்றுதான் சொன்னேன்.