ஒரு கல் குறைவாக

புத்தூரிலிருந்து ரேணிகுண்டா போகும் பாசஞ்சர் ரயிலில் எனக்கு எதிரே ஒரு விவசாயத் தம்பதி. தமிழக-ஆந்திர எல்லைத் தகராறு முடிந்து, அவர்களுடைய கிராமம் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. இனி எங்கும் போவதில்லை என்று வீட்டு அறையின் தரையில் பதிக்கக் கடப்பைக் கல் வாங்கப் புறப்பட்டிருந்தார்கள். கணவர் தீப்பெட்டி அட்டையில் பென்சிலால் கணக்குப் போட்டார்.

“பத்துக்குப் பன்னெண்டு ரூமு. ரெண்டடிக் கல்லு முப்பது.”

“இருபத்தொம்போது போதும்யா.”

“ஒரு கல்லு மிச்சம் புடிச்சி மாடி கட்டப் போறியா?”

“ஒரு மூலை மண்ணாவே இருக்கட்டும். நான் மெழுகிக்கிறேன்.”

“இன்னாத்துக்கு?”

“எல்லைப் போராட்டத்துல நீ ஜெயில்ல இருந்தப்ப செத்துச்சே நம்ம கொழந்த. அந்த மூலையிலதான் பொதைச்சோம்.”

“ஏரிக்கரையிலன்னு சொன்னியே?”

“அன்னிக்கு விடாத மழை. எப்படி எடுத்துக்கினு போறது? நீ தாங்கமாட்டேன்னு சொல்லல.”

அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

“எந்த மூலை?”

“நீ தலை வச்சிப் படுக்கிற மூலை.”

ரேணிகுண்டா நெருங்கும்போது அட்டையில் முப்பதை அடித்தார்.

“இருபத்தேழு போதும். நான் படுக்கிற எடம் முழுக்க மண்ணாவே இருக்கட்டும்.”