நான் நிரப்பிய மூன்று படிவங்கள்

முப்பத்தோரு வருடம் நூலகத்தில் இருந்தவனுக்குப் புழுதி ஒத்துக்கொள்ளாது என்றால் சிரிப்பீர்கள். எனக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் மாடிப் பக்கம் நான் அதிகம் போவதில்லை, அவள்தான் போவாள். மாணவர்கள் அவளை ரேக் அக்கா என்பார்கள். எந்தப் புத்தகம் எங்கே என்று கம்ப்யூட்டரைத் தட்டுவதற்கு முன் அவளைக் கேட்பார்கள். அவளும் தலை நிமிராமல் ரேக் எண்ணைச் சொல்லிவிடுவாள்.

விசாரணைக்கு வந்த நீங்கள் கேட்டது படிவங்களைப் பற்றி. தன் படிவத்தில் எழுதிய எதுவும் ஆய்வு அறிக்கையில் இல்லை என்று, புத்தகம் தைக்கும் எங்கள் பைண்டர் உங்களிடம் சொன்னது உண்மைதான். ஆனால் எங்கள் நிலைமையும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நான் தலைமை நூலகராக வந்தபோது பதினோரு பேர் இருந்தோம். ஓய்வு பெற்றவர்களின் இடத்துக்கு யாரும் வரவில்லை. கடைசியில் என்னைத் தவிர மூன்றே பேர்: ரேக் அக்கா, பைண்டர், கவுண்டர்க்காரர். வேலை மட்டும் குறையவில்லை. பழைய ஆய்வேடுகளை ஸ்கேன் செய்ய வேண்டும், புதிய ஆய்வேடுகளில் காப்பியடித்த பக்கங்களைக் கண்டுபிடிக்க வேண்டும், தேர்வுக் காலத்தில் இரண்டு ஷிப்டு பார்க்க வேண்டும். மாணவன் பிடிபட்டால் அவனுடைய பேராசிரியர் வந்து சத்தம் போடுவது அவளிடம்தான். எல்லாம் அவள் தலையில் விழுந்தது. விழுந்தது என்கிறேன், வைத்தவன் நான். செய்கிறவளிடம்தானே கொடுக்க முடியும்?

ஒரு வருடத்தில் மூன்று முறை விடுப்பு கேட்டாள். தேர்வு முடியட்டும் என்றேன். முடிந்ததும், இருப்புச் சரிபார்ப்பு முடியட்டும் என்றேன். சரி சார் என்று போய்விட்டாள். நல்ல பெண்.

அப்போதுதான் ஓர் ஆய்வாளர் வந்தார். பல்கலைக்கழக நூலகர்கள் வேலையில் ஏன் ஓய்ந்துபோகிறார்கள் என்று ஆராய்கிறாராம். முப்பத்திரண்டு கேள்விகள். தொல்லை இல்லை என்றால் ஒன்று, தாங்க முடியவில்லை என்றால் ஐந்து. ஏதாவது ஓர் எண்ணில் வட்டம் போட வேண்டும். பெயர் எழுத வேண்டாம். உறையில் போட்டு ஒட்டிய படிவங்களை நான் வாங்கிக் கொடுப்பதாக ஏற்பாடு. அதே வாரம் பதிவாளர் போனில் பேசினார். அறிக்கை மேலிடத்துக்குப் போகுமாம். நூலகத்தைப் பற்றி நல்லபடியாக வந்தால் என் பணி நீட்டிப்பைப் பற்றிப் பேசலாமாம். அதற்காக நான் செய்யவில்லை. நூலகத்தின் பெயர் கெடக் கூடாது என்றுதான் செய்தேன்.

வியாழக்கிழமை மதியம் உறைகளைப் பிரித்தேன். பதினாறு வருடம் பார்த்த கையெழுத்துக்குப் பெயர் எதற்கு? மற்ற இருவரும் நான்கு, ஐந்து என்று கலந்து போட்டிருந்தார்கள். அவள் எல்லாவற்றுக்கும் ஐந்து. கடைசியில், வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால் என்ற இடத்தில், இப்படி எழுதியிருந்தாள்: "வேலைக்கு வராமல் இருந்துவிடலாம் என்று முன்பு தோன்றும். இப்போது, இல்லாமலே போய்விடலாம் என்று தோன்றுகிறது. யாராவது கூப்பிட்டுக் கேட்டால் நன்றாக இருக்கும்."

இரண்டு முறை படித்தேன். பிறகு புதிய படிவங்கள் மூன்றை எடுத்து, மூன்று பேனாக்களால் நிரப்பினேன். எல்லாம் ஒன்று என்றால் நம்ப மாட்டார்கள். அங்கங்கே இரண்டு, அபூர்வமாக ஒரு மூன்று. அவளுடைய படிவத்தின் கடைசி இடத்தில், படிப்பறைக்கு இரண்டு மின்விசிறிகள் தேவை என்று எழுதினேன். வந்துவிட்டன. நன்றாகச் சுற்றுகின்றன.

மறுநாள் நாலு மணிக்கு அவள் என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சார், அந்தப் படிவத்தையெல்லாம் யாரு படிப்பாங்க?"

"யாரும் படிக்க மாட்டாங்கம்மா. கம்ப்யூட்டர்ல கூட்டிப் போடுவாங்க, அவ்வளவுதான்."

கதவு வரை போய்த் திரும்பினாள்.

"என்னால முடியல சார்."

"திங்கக்கிழமை பேசலாம்மா. மூணாவது மாடி இருப்புப் பட்டியலை மட்டும் இன்னைக்கு முடிச்சுக் குடுத்துட்டுப் போயிடு."

முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். பட்டியலில் ஒரு பிழை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்து, தன் உயிரை முடித்துக்கொண்டாள்.

துக்கம் கேட்கப் போனேன். கணவர் வெளியூரில் வேலை பார்ப்பவர். வந்து சேர்ந்து இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"ஆபீஸ்ல ஏதாவது சொன்னாளா சார்?"

"ஒண்ணும் சொல்லலப்பா. சந்தோஷமாத்தான் இருந்தா."

"அப்ப நான்தான் கவனிக்காம விட்டுட்டேன் போல," என்றார். நான் மறுக்கவில்லை. அந்த நேரத்தில் அவரோடு வாதம் செய்வது முறையாகப் படவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

படிவங்களை மாற்றியது நான். அவள் எழுதியதைப் படித்த ஒரே ஆளும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் எனக்கு இன்னும் புரியவில்லை. பதினாறு வருடம் என்னிடம் வேலை பார்த்தவள். இவ்வளவு கஷ்டம் இருந்திருந்தால், நேரே வந்து என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?