பதினொண்ணாம் நம்பர் இடம்

— மாட்டேன்னா மாட்டேன், ரூடி. திரும்ப கேம்ப் ஆபீசுக்குப் போயி கேரவனை நிறுத்த வேற இடம் கேட்டுட்டு வா.

— ஏ புள்ள, இந்தக் கக்கத்துக் கட்டையை ஊணிக்கிட்டு ஒரு தடவை போயிட்டு வந்ததுக்கே இடுப்பு கழண்டு விழுது. ஆறாம் நம்பர்ல வேற யாரோ வந்து எறங்கிட்டாங்களாம். நமக்குப் பதினொண்ணுதான்.

— ஆறாம் நம்பர்னா நேரா உள்ள போயி நேரா வெளிய வரலாம். அதுக்குத்தானே ஆகஸ்ட் மாசமே போன் போட்டுச் சொல்லி வச்சேன்? இது என்ன, மாட்டுக் கொட்டடி மாதிரி மூணு பக்கமும் மரம். வண்டிக்குப் பின்னால கோத்த கேரவனை ரிவர்ஸ்ல தள்ளித்தான் சொருகணும்.

— சொருகு.

— ஆமா, பெரிய சொருகு. அடுப்புல விறகா சொருகப் போறேன்?

— மார்லிஸ், இஞ்சினை நிறுத்து. ஒரு நிமிசம் பேசுவோம்.

— பேச ஒண்ணுமில்ல. ஏரியைப் பாக்கணும்னு ஆசைப்பட்ட. இந்தா, மரத்துக்கு நடுவுல தெரியுது பாரு. பாத்தாச்சா? வீட்டுக்குப் போலாம்.

— வீட்டுக்குப் போறதுன்னாலும் வண்டியைத் திருப்பணுமே.

— வேணாம். இந்த ரோடு வளைஞ்சு வாசலுக்கே வந்துடும். நான் விசாரிச்சுட்டுத்தான் வந்தேன்.

— அதானே. ஏப்ரல்லேர்ந்து நீ போற எடமெல்லாம் அப்படி விசாரிச்சுத்தானே போற. நேத்து பெட்ரோல் பங்க்ல முன்னாடி நின்ன லாரிக்காரன் காப்பி குடிச்சு, சிகரெட் பிடிச்சு, பொண்டாட்டிக்குப் போன் பேசி முடிக்கிற வரைக்கும் அவன் பின்னாலயே நின்னியே. ஒரு முழம் பின்னால எடுத்தா வெளிய வந்திருக்கலாம்.

— ஏன் எடுக்கலைன்னு உனக்குத் தெரியாதா? நம்ம கொட்டகை வாசல்ல இதே கேரவனைப் பின்னால எடுத்துத்தான் உன்னைச் செவத்தோட வச்சு நசுக்குனேன். இடுப்பு முறிஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு ரூடி. விறகு பொளக்குற மாதிரி. பாத்திரம் கழுவும்போதுகூடக் கேக்குது.

— நான்தான் குறுக்க பூந்தேன்னு எத்தனை தடவை சொல்றது?

— நூறு தடவை சொல்லியாச்சு. சொல்லிச் சொல்லி என்ன ஆச்சு? கை ரிவர்ஸ் கியர்கிட்டப் போனாலே மரத்துப் போகுது.

— சரி, அதை விடு. பனி வரப்போகுது, கேட்டியா? வண்டி முன்னால தகட்டை மாட்டி நம்ம பாதையில கெடக்குற பனியைத் தள்ளணும். முன்னால போயி, பின்னால வந்து, முன்னால போயி. வசந்தம் வர்ற வரைக்கும் என் காலைப் பெடல்ல வைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீ பின்னால எடுக்கலைன்னா மேட்டு மேல இருக்குற வீட்ல எப்படி இருக்கிறது?

— அதுக்குத்தான் சொல்றேன்ல. டவுன்ல நம்ம மக குடியிருக்கிற கட்டடத்துலயே மாடி ரூம் காலியா இருக்கு. போயிடலாம்.

— அங்க ஜன்னலைத் திறந்தா எதுத்த வீட்டுக்காரன் குளிக்கிறது தெரியுது.

— பாக்காத.

— அவன் நம்மளைப் பாக்குறான்! கேளு புள்ள. அந்த வீட்டை நாம ரெண்டு பேரும் ஆணி அடிச்சுக் கட்டுனோம். நீ வாயில ஆணியைக் கவ்விக்கிட்டே என்னைத் திட்டுவ. இப்ப அங்கேருந்து நம்மளைக் கெளப்புறது என் இடுப்பு இல்ல. அந்த ஒரு கியர்.

— குத்திக் காட்டுற.

— இல்ல. உன்னைக் குத்துனா என் வாய் அழுகிப்போகும். பள்ளிக்கூடத்துல முந்நூறு பிள்ளைக்கு ஆக்கிப் போட்டுட்டு வந்து என்னைக் கழுவி விட்ட. மலச்சட்டி எடுத்த. நான் வலியில கத்துனதுக்கெல்லாம் பதிலுக்குக் கத்தாம இருந்த, அதுதான் எனக்குப் பயமாவே இருந்துச்சு. நான் உசுரோட இந்த மரத்தையெல்லாம் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்னா அது நீ போட்ட பிச்சை.

— போதும் போதும். மூக்கு ஒழுகுது, தொடை.

— கதவைத் திற. நான் எறங்கிப் பின்னால நிக்கிறேன்.

— நீயா? பின்னாலயா? உனக்கென்ன பைத்தியமா?

— வேற யாரு நிப்பா, ஏரி மீனா? கண்ணாடியில என் மூஞ்சி தெரியுற வரைக்கும் வா. தெரியலைன்னா பிரேக். அவ்வளவுதான். மரம் ஏத்துற லாரியில முப்பது வருசம் நான் பொழைச்சது இந்த ஒரு விசயத்தாலதான்.

— ஒரு தடவை மறந்துட்ட.

— ஒரு தடவை மறந்துட்டேன். எறங்குறேன், கட்டையைக் குடு.

— மெதுவா. ஈர இலை வழுக்கும். மெதுவாங்கிறேன்ல! …நின்னுட்டியா?

— நின்னுட்டேன். தெரியுறேனா?

— இல்ல.

— ஆரஞ்சுத் தொப்பி போட்டிருக்கேன் புள்ள. வேட்டைக்காரன் அரை மைலுக்கு அந்தாண்டேருந்து பாப்பான்.

— காடே ஆரஞ்சாத்தான் கெடக்கு. மேப்பிள் மரத்துல உன்னை எங்கன்னு தேடுறது?

— ஓ. சரி, உன் சமையல் துண்டைக் கட்டையில கட்டி ஆட்டுறேன். இப்ப?

— தெரியுது. கோழிப்படம் போட்ட துண்டு. அது புதுசுய்யா!

— துவைச்சுத் தர்றேன். கியரைப் போடு.

— இரு, பிரேக்கை மிதிச்சுக்கிறேன்.

— மார்லிஸ்?

— போட்டுட்டேன். காலு நடுங்குது.

— நடுங்கட்டும், அது பிரேக் மேலதானே இருக்கு. ஸ்டேரிங்கை அடியில பிடி. கை எந்தப் பக்கம் போகுதோ கேரவன் வாலு அந்தப் பக்கம் போகும். வா. வா, வா, வா. லேசா எடப்பக்கம். அப்படித்தான். வரலாம், வரலாம்…

— வர்றேன். உன்னைப் பாத்துக்கிட்டே வர்றேன். வர்றேன்… ரூடி? ரூடி! எங்கய்யா துண்டு? ரூடி!

— ஹோல்டான்!

— நிறுத்திட்டேன்! நிறுத்திட்டேன்! ஐயோ, எங்க இருக்க?

— கத்தாத. இங்கதான். இலை வழுக்கி உக்காந்துட்டேன். நல்ல இருக்கைதான், கொஞ்சம் ஈரம்.

— இடுப்பு? கையைக் குடு. எங்க வலிக்குது? சொல்லித் தொலை!

— குண்டிதான் வலிக்குது. எலும்பு கிலும்பு ஒண்ணும் ஆகலை. தூக்கு. ம்… ஆச்சு. ஏ புள்ள, எதுக்கு அழுவுற? எனக்கும் வண்டிக்கும் நடுவுல பாரு, ஒரு மாட்டையே கட்டலாம்.

— துண்டு தெரியலை. உடனே அடிச்சுட்டேன் பிரேக்கை. யோசிக்கவே இல்ல.

— அதான் பாத்தேன். நான் ஹோல்டான் சொல்றதுக்கு முன்னாலயே நின்னுடுச்சு.

— முன்னாலயேவா?

— முன்னாலயே. சத்தியமா.

— இரு, கண்ணைத் தொடைச்சுக்கிறேன்.

— சரி, வேணாம். இப்படியே கோணையாக் கெடக்கட்டும். யாராச்சும் ஆள் வந்தா நிறுத்திக் குடுக்கச் சொல்லலாம்.

— எவன் வந்து என் வண்டியைத் தொடுறது? நீ அந்த பிர்ச் மரத்துல சாஞ்சு நில்லு. ஒரு அடி நகரக் கூடாது. மூக்கு அரிச்சாக்கூட அப்படியே நிக்கணும்.

— உத்தரவு.

— துண்டைத் தூக்கு. இன்னும் மேல… தெரியுது. வர்றேன்.

— வா. வா, வா. நேராக்கு. நேராக்கு. கொஞ்சம்… கொஞ்சம்… ஹோல்டான்! ஏ புள்ள! எறங்கி வந்து பாரு, கோடு போட்ட மாதிரி நிக்குது!

— பொய் சொல்லாத.

— ஒரு சாண் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கு. ஆனா ஏரியைப் பாத்து நிக்குது. ஜன்னல் வழியா ஏரி, எதுத்த வீட்டுக்காரன் இல்லை.

— உக்காரு மொதல்ல. சக்கரத்துக்குக் கட்டை வச்சுட்டு வர்றேன். சீட்டு மேல துணியில பேஸ்டி சுத்தி வச்சிருக்கேன், மாவுக்குள்ள வச்ச கறியும் கிழங்கும் இன்னும் சூடாத்தான் இருக்கும், தின்னு. …ரூடி.

— என்ன?

— ஒண்ணுமில்ல. உசுரோட இருக்கியேன்னு பாத்தேன்.

— இருக்கேன் புள்ள.

— என்ன தங்கங்களா, நல்லா எறங்கிட்டீங்களா? நான் வெர்னா, ஆபீஸ்ல இருக்கிறவ. இன்னிக்கு உறைபனி விழும், குழாயை அடைச்சுடுவேன். இப்பவே வாளியில தண்ணி பிடிச்சு வச்சுக்குங்க. அம்மாடி, பின்னாலயே எவ்வளவு அழகா விட்டிருக்கீங்க! இந்த எடத்துல எத்தனையோ ஆம்பளைங்க மரத்துல இடிச்சிருக்காங்க. நீங்களா ஓட்டுனது?

— நான்தான்.

— பலே. அப்புறம் தங்கம், ஒண்ணு கேக்கணும். அந்த ஆறாம் நம்பரை வேற யாராவது வந்தா குடுத்துடலாமா? மத்தியானத்துலேருந்து சும்மா கெடக்கு.

— சும்மா கெடக்கா?

— உங்களுக்குன்னுதானே வச்சிருந்தேன். உங்க வீட்டுக்காரர்தான் வந்து, அது வேணாம், இருக்கிறதுலயே பின்னால விடக் கஷ்டமான எடம் எதுவோ அதைக் குடுங்கன்னாரு. கட்டையை ஊணிக்கிட்டு இந்த மனுசன் இப்படிக் கேக்குறாரேன்னு எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு.

— ரூடி.

— பேஸ்டி ஆறுது புள்ள. வந்து தின்னு.

— என்னைப் பாருய்யா.

— பாக்குறேன். அடிக்கிறதுன்னா இடது பக்கமா அடி, அதுலதான் டாக்டர் கம்பி வைக்கலை.

— மனசு மாறிடுச்சுன்னா சொல்லு தங்கம், ஆறாம் நம்பருக்கே மாத்திக் குடுத்துடுறேன்.

— வேணாம் வெர்னா, யாருக்காவது குடுத்துடுங்க. யோவ், பேஸ்டியை மூடி வை. சக்கரத்துக் கட்டையை உருவிட்டேன், இதை வெளிய எடுத்து மறுபடி விடப்போறேன். துண்டை எடுத்துக்கிட்டுப் போ, போயி பின்னால நில்லு.