வாடை இல்லாத தண்ணீர்

டீயில் மருந்து வாடை அடித்தால் யாருக்குத்தான் கோபம் வராது, சொல்லுங்கள் ஐயா. எடப்புளி நாட்டில் எங்கள் ஊர்த் தொட்டிக்கு மலை ஊற்றுத் தண்ணீரை ஏற்றித் திறந்துவிடுவது என் வேலை. தினமும் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுவதும் நான்தான். அதற்காக நான் வாங்காத ஏச்சு இல்லை. "ஏனுங்கண்ணா, மருந்துக் கடையையே தொட்டியில கொட்டிட்டீங்களா?" என்று எதிர்வீட்டு கோகிலா என் கண்ணெதிரே குடத்தைக் கவிழ்ப்பாள். எனக்கோ ரோஷம் கொஞ்சம் அதிகம்.

ஒரு நாள் பவுடர் போட மறந்துபோனேன். "இன்னைக்குத் தண்ணி எளநி கணக்கா இருக்குதுங்கண்ணா" என்று அதே கோகிலா சிரித்தாள். தெருவே மெச்சியது. அதற்குப் பிறகு தொட்டிக்கென்று பவுடர் மூட்டையை நான் பிரிக்கவே இல்லை.

சுகாதார ஆய்வுக்கு வரும் சுமதி மேடத்தை மட்டும் சமாளிக்க வேண்டியிருந்தது. கடைசிக் குழாய்த் தண்ணீரில் சொட்டு மருந்து விடுவார். மஞ்சளானால் பவுடர் இருக்கிறது என்று அர்த்தம். "மேட்டுல எதுக்கு ஏறுறீங்க மேடம், நானே புடிச்சுட்டு வாரேன்" என்று செம்போடு போவேன். செம்பில் ஒரு சிட்டிகை பவுடர் போட்டால் போதும், மாம்பழம் போல மஞ்சளாகும். "ஊருக்கு ஒருத்தர் உங்கள மாதிரி இருக்கணும்ணா" என்பார். எனக்குக் கூச்சமாக இருக்கும்.

மழையில் ஊற்று கலங்கி, ஊரில் வாந்திபேதி வந்தது. மேடம் மறுபடி சோதித்தார். மறுபடியும் மஞ்சள்தான். தண்ணீர் சுத்தம் என்றான பிறகு பழி எங்காவது விழ வேண்டுமல்லவா? கண்ணாயி நறுக்கி விற்ற அன்னாசிப் பழத்தின் மேல் விழுந்தது. அவள் கடையைப் பிரிக்க நானும் ஒரு கை கொடுத்தேன். பாவம், ரொம்ப அழுதாள்.

கோகிலாவின் மகன் யுவராஜுக்கு நான்கு வயது. செம்மேட்டு ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் கொண்டுபோகும்போதே போய்விட்டான். வழியெல்லாம் தண்ணீர் கேட்டானாம். எங்கள் குழாய்த் தண்ணீரைத்தான் பாட்டிலில் கொடுத்துக்கொண்டே போயிருக்கிறாள்.

தொட்டியில் பவுடர் போடாதவன் நான்தான். செம்பில் போட்டவனும் நான்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தண்ணீரைக் கெடுத்தவன் என்று மட்டும் வாக்குமூலத்தில் எழுதாதீர்கள். நான் எதையும் கலக்கவில்லை. மலை தந்ததை அப்படியே தந்தேன். அந்தத் தண்ணீரால் இப்படி ஆகும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

எங்கள் வீட்டில் மட்டும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்கிறீர்கள். அதில் என்ன அதிசயம் ஐயா, மூட்டையைக் கட்டி வைத்த அன்றிலிருந்தே நாங்கள் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறோம்.